மடியில் படப்புத்தகம், கையில் கொழுக்கட்டை



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என்று நம் கூட்டங்களில் எத்தனையோ பேசுகிறோம். இந்த இதழில் வேறு ஒரு சேமிப்பைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். ஆறு வயதுக்குள் இருக்கிற நம் பிள்ளைகளோடு நாம் பேசுகிற பேச்சுதான் அந்தச் சேமிப்பு. இதற்குச் சந்தா கிடையாது, பாஸ் புத்தகம் கிடையாது. ஆனால் தினமும் போட வேண்டும்.

குழுவில் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஏனென்றால் இது முக்கியமாகப் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்காக எழுதப்பட்டது.

நாங்கள் செய்த தவறு

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சிறு பிள்ளைகள் இருக்கிற உறுப்பினர்களுக்கு ஆளுக்கு ஒரு படப்புத்தகம் கொடுத்தோம். "தினமும் பிள்ளைக்குப் படிச்சுக் காட்டுங்க, அடுத்த மாசம் மாத்தித் தர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த மாதக் கூட்டத்தில் புத்தகங்கள் பத்திரமாகத் திரும்பி வந்தன. ரொம்பப் பத்திரமாக வந்தன! பல புத்தகங்கள் மடிப்புக் கூட விழாமல் புதுசாகவே இருந்தன. ஒருவர் பாலித்தீன் பையில் சுற்றிப் பரண் மேல் வைத்திருந்தார். "கிழிச்சுடுவான்னு எடுத்து வச்சுட்டேன் மேடம்" என்றார்.

கூட்டம் முடிந்து தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தபோது ஒரு உறுப்பினர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். அவருக்கு நாலரை வயதில் ஒரு பையன்.

"மேடம், எனக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும். அதுவும் குழுவில சேர்ந்த பிறகு கத்துக்கிட்டது. அவன் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து, படிம்மான்னு மடியில உட்கார்ந்தான். எனக்கு வெட்கமாப் போச்சு. அக்கா ஸ்கூல் விட்டு வந்து படிப்பா, போடான்னு அனுப்பிட்டேன். ரெண்டு மூணு நாள் அப்படியே அனுப்பினேன். இப்ப அவன் கேக்கறதே இல்ல."

"இப்ப அவன் கேக்கறதே இல்ல" என்ற வார்த்தை எங்களைச் சுட்டது. தவறு அந்தத் தாயிடம் இல்லை. "படிச்சுக் காட்டுங்க" என்று நாங்கள் சொன்னதுதான் தவறு. "பிள்ளையோட உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பேசுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளைக்கு வேண்டியது எழுத்து அல்ல, பேச்சு

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. அது புத்தகத்தில் பார்ப்பது படத்தைத்தான். யானை ஏன் அழுகிறது, குருவி எங்கே போகிறது என்று படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும். அப்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து, அது சொல்வதைக் கேட்டு, பதில் பேசினால் போதும். பிள்ளைக்குப் புதுச் சொற்கள் சேரும். முதலில் என்ன, பிறகு என்ன என்று கோர்வையாக நினைக்கப் பழகும். பின்னாளில் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, 'யானை' என்ற சொல் அதற்கு முன்பே தெரிந்த சொல்லாக இருக்கும். தெரிந்த சொல்லைப் படிப்பது எளிது. காதில் விழாத சொல்லைப் படிப்பதுதான் கஷ்டம்.

மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து 2018-ல் சிறு பிள்ளை வளர்ப்புக்கு ஐந்து தேவைகளை எடுத்துச் சொன்னார்கள். நல்ல உடல்நலம், போதிய சத்துணவு, பாதுகாப்பு, பிள்ளை கேட்பதற்கு முகம் கொடுத்துப் பதில் சொல்லும் வளர்ப்பு, சின்ன வயதிலேயே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஆகியவை அந்த ஐந்து. தடுப்பூசி, எடை, சத்துமாவு பற்றியெல்லாம் நமக்கு நன்றாகத் தெரியும். கடைசி இரண்டைத்தான் விட்டுவிடுகிறோம். அந்த இரண்டுக்கும் படிப்பு தேவையில்லை.

படத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது?

1. பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ உட்கார வையுங்கள். புத்தகம் பிள்ளையின் கையில் இருக்கட்டும். பக்கத்தை அதுவே திருப்பட்டும். தலைகீழாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

2. "இது யாரு? என்ன செய்யுது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுங்கள். நாம் அவசரப்பட்டு நாமே பதில் சொல்லிவிடுகிறோம். சின்னப் பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேண்டும்.

3. பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் ஒன்றிரண்டு சேர்த்துச் சொல்லுங்கள். "நாய்" என்றால், "ஆமா, கறுப்பு நாய். பசியோட இருக்கு போல" என்று சொல்லுங்கள்.

4. "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் 'தப்பு' என்று சொல்லாதீர்கள்.

5. "நம்ம வீட்டுல இப்படி நடந்திருக்கா?" என்று கேளுங்கள். கதை வீட்டுக்குள் வந்துவிடும்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பெயர் சொல்லிக் காட்டினால் போதும். மூன்று வயதில் கேள்வி கேட்கலாம். ஐந்து வயதில், "நீ எனக்குக் கதை சொல்லு" என்று பிள்ளையிடமே விட்டுவிடலாம். ஒரே புத்தகத்தைப் பத்துத் தடவை கேட்டாலும் சலிக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை புதிதாக ஒன்றைப் பார்க்கிறது. ஓரம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பரண் மேல் இருக்கிற புதுப் புத்தகத்தை விட, கிழிந்து ஒட்டிய புத்தகம்தான் நல்ல புத்தகம்.

ஒரு தாய் மாற்றிய கதை

அந்த உறுப்பினரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்ன கதை தெரியும்?" என்று கேட்டோம். "எங்க ஆயா சொன்ன அத்திரிபாச்சா கதைதான் தெரியும்" என்றார். உங்களில் பலருக்கும் தெரிந்த கதைதான். ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போய்க் கொழுக்கட்டை தின்கிறான். ருசி பிடித்துப்போகிறது. பெயர் மறக்காமல் இருக்க, "கொழுக்கட்டை கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று தாண்டுகிறான். அவ்வளவுதான், கொழுக்கட்டை மறந்து அத்திரிபாச்சா வாயில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "எனக்கு அத்திரிபாச்சா செஞ்சு குடு" என்கிறான். அவளுக்கு என்ன தெரியும்? கோபத்தில் அடித்துவிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்து, "அடப் பாவி, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கே!" என்கிறாள். "ஆ, அதுதான், கொழுக்கட்டை!" என்று அவன் குதிக்கிறான். எல்லோரும் சிரிப்போம்.

அடுத்த மாதம் அவர் வந்து சொன்னார். "கதையைச் சொன்னேன் மேடம். வாய்க்கால் தாண்டறப்ப அவனும் எழுந்து குதிச்சான். கடைசியில நான் சிரிச்சேன், அவன் சிரிக்கல. அவன் ஏம்மா அடிச்சான், பேரு மறந்தது அவன்தானேன்னு கேட்டான். எனக்குப் பதில் வரல."

சகோதரிகளே, நாம் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். நமக்கு அந்தக் கேள்வி வரவில்லை. நாலரை வயதுப் பையனுக்கு வந்தது. அவன் வீட்டில் எதைப் பார்த்து அப்படிக் கேட்டான் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் தானாகவே, "அவனுக்கு வீட்டுல எல்லாம் தெரியுது மேடம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பிறகு அவரே சொன்னார். "அதனால கதையை மாத்திட்டேன். பொண்டாட்டி சொல்றா, அத்திரிபாச்சான்னா எனக்குத் தெரியாது, வா ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சு பார்க்கலாம்னு. அவன் அவசரமா அடுப்படிக்குள்ள நுழையறப்ப நிலைப்படியில முட்டிக்கறான். நெத்தி வீங்கிப் போச்சு. ஐயோ, கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சேன்னு அவ சொல்றா. அதுதான் அதுதான்னு அவன் குதிக்கிறான். ரெண்டு பேரும் சேர்ந்து கொழுக்கட்டை பிடிக்கறாங்க."

இதைக் கேட்டு எங்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கையெழுத்து மட்டும் தெரிந்த ஒரு தாய், பரம்பரையாக வந்த கதையைத் தன் பிள்ளைக்காகத் திருத்திவிட்டார். அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து அப்படியே வாசிக்கிறவருக்கு இது தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மாவும் பையனும் கரித்துண்டால் படம் வரைந்து, நூல் கோர்த்து அந்தக் கதையை ஒரு புத்தகமாகவும் செய்துவிட்டார்கள். நாலே பக்கம். வாய்க்கால் மட்டும் ரெண்டு பக்கத்துக்கு ஓடுகிறது. எழுத்து ஒன்றும் இல்லை. அட்டையில் மட்டும் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது.

கதை முடிந்ததும் பையன் கேட்டது: "நாமளும் கொழுக்கட்டை செய்வமா?"

அடுப்படியும் ஒரு பள்ளிக்கூடம்

சின்ன வயதில் நாம் எல்லோரும் சொப்புச் சாமான் வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கியவர்கள்தான். ஆளுக்கு ஒரு பிடி அரிசி, ஒருத்தி வீட்டில் பருப்பு, இன்னொருத்தி வீட்டில் வெல்லம் என்று கொண்டுவந்து மரத்தடியில் பொங்கிச் சாப்பிட்டோம். அதில் எண்ணிக்கை இருந்தது, பங்கு இருந்தது, காத்திருப்பது இருந்தது. இன்று, "தொந்தரவு பண்ணாதே, போய் டிவி பாரு" என்று பிள்ளையை அடுப்படியிலிருந்து விரட்டிவிடுகிறோம். பிறகு, "சோறே திங்க மாட்டேங்குறான்" என்று கவலைப்படுகிறோம். தானே கிள்ளிய கீரையைப் பிள்ளை ஒரு வாயாவது தின்று பார்க்கும். இதை நீங்களே செய்து பாருங்கள்.

உழக்கால் அளந்தால் நாலு உழக்கு ஒரு படி என்று கை அறிந்துகொள்ளும். உப்பையும் சர்க்கரையையும் கண்ணால் பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும், நாக்கில் வைத்தால்தான் தெரியும். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் ஏன் பெரிசாகிவிட்டது? சூடான எண்ணெயில் கடுகு ஏன் வெடிக்கிறது? இவையெல்லாம் பாடம்தான். நாம் வாயைத் திறந்து பேசினால் மட்டுமே பாடம்.

எந்த வயதில் என்ன வேலை கொடுக்கலாம்?

2 முதல் 3 வயது: காய் கழுவுவது, கீரை கிள்ளுவது, கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குப் பருப்பு மாற்றுவது, மாவு உருண்டையைத் தட்டி விளையாடுவது. பருப்பு, பட்டாணி வாய்க்கோ மூக்குக்கோ போகாமல் பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

3 முதல் 4 வயது: பட்டாணி, மொச்சை உரிப்பது, வெங்காயம் பெரிசு சிறிசு பிரிப்பது, ஆளுக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பது.

4 முதல் 6 வயது: டம்ளரால் அரிசி அளப்பது, பூண்டு உரிப்பது, மாவு பிசைவது, எலுமிச்சம்பழம் பிழிவது, கொழுக்கட்டை பிடிப்பது.

கத்தி, அரிவாள்மனை, மிக்சி, அடுப்பு ஆகிய நான்கும் பெரியவர்கள் வேலை. இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சேர்ந்து செய்ய: பிடி கொழுக்கட்டை

வேண்டியவை: வறுத்த அரிசி மாவு 1 டம்ளர், பொடித்த வெல்லம் முக்கால் டம்ளர், தண்ணீர் ஒன்றேகால் டம்ளர், தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை. பாதி அரிசி மாவுக்குப் பதில் வறுத்த கேழ்வரகு மாவும் சேர்க்கலாம்.

மாவையும் வெல்லத்தையும் பிள்ளை அளக்கட்டும். நீங்கள் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விடுங்கள். தேங்காய், ஏலக்காய், உப்பு போட்டு, தீயைக் குறைத்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறி இறக்குங்கள். நன்றாக ஆற விடுங்கள். உங்கள் கையால் தொட்டுப் பார்த்து, சூடு போன பிறகே பிள்ளையிடம் கொடுங்கள். கை கழுவிவிட்டு ஆளுக்கு ஒரு உருண்டை எடுத்துப் பிடியுங்கள். இட்லிப் பானையில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேக வையுங்கள்.

பிடி கொழுக்கட்டையில் விரல் பதிந்துவிடும் அல்லவா? வெந்து எடுத்ததும், "இது யாரு பிடிச்சது?" என்று கேளுங்கள். சின்ன விரல் தடத்தைப் பார்த்துப் பிள்ளை தன்னுடையதைக் கண்டுபிடிக்கும். எத்தனை இருக்கிறது, வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை வரும் என்று பங்கு வைக்கும் வேலையையும் அதனிடமே கொடுங்கள். சாப்பிடும்போது அத்திரிபாச்சா கதையைப் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

கவனம் தேவை

தரையில் அடுப்பு வைத்துச் சமைக்கிற வீடுகளில் பிள்ளைக்கு என்று தள்ளி ஒரு இடம் ஒதுக்குங்கள். கோலமாவால் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நீ" என்று பழக்கலாம். கோடு போட்டாலும் உங்கள் கண் பிள்ளை மேலேயே இருக்க வேண்டும். கஞ்சி வடிக்கும்போதும், குக்கர் இறக்கும்போதும், எண்ணெய் காயும்போதும் பிள்ளை அடுப்படியில் இருக்கவே கூடாது.

தப்பித்தவறிச் சுட்டுவிட்டால், சுட்ட இடத்தில் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. இங்க், பற்பசை, இட்லி மாவு எதையும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சின்னப் பிள்ளை என்றால் புண் சிறிதாக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள். பெரிய காயம் என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

முழு நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலை போன்றவை சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். மசித்தோ பொடித்தோ கொடுங்கள்.

"நேரம் எங்க மேடம் இருக்கு?"

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. நியாயமான கேள்வி. விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, காட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் அடுப்படி. இதில் புதிதாக ஒரு வேலையை உங்கள் தலையில் ஏற்றுவது எங்கள் நோக்கம் அல்ல. எப்படியும் கீரை கிள்ளத்தான் போகிறீர்கள். அந்தப் பத்து நிமிடம் பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும், பேச்சு நடக்கட்டும். படுக்கும் முன் ஐந்து நிமிடம் படம் பாருங்கள். பிள்ளை சேர்ந்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும், மாவு சிந்தத்தான் செய்யும். அதனால் தினமும் வேண்டாம், அவசரமில்லாத நாளில் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுப்படிக்குக் கூப்பிடும்போது பெண் பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள். பெண் பிள்ளைக்குச் சமையல், ஆண் பிள்ளைக்குப் புத்தகம் என்று பிரித்தால், நாம் பட்டதையே அவர்களுக்கும் எழுதி வைக்கிறோம். இரண்டு பேருக்கும் இரண்டும் வேண்டும். அப்பாவையும் விட்டுவிடாதீர்கள். ராத்திரி நீங்கள் பாத்திரம் கழுவும்போது படப்புத்தகத்தோடு பிள்ளையை அவர் மடிக்கு அனுப்புங்கள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

அங்கன்வாடியிலும், தொடக்கப் பள்ளியிலும், ஊர்ப்புற நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட்டின் 'நேரு பால புத்தகாலயம்' வரிசையில் தமிழில் குறைந்த விலையில் படப்புத்தகங்கள் வந்திருக்கின்றன. சென்னையில் உள்ள துளிகா பதிப்பகமும் தமிழில் படக்கதைகள் போடுகிறது. ஸ்மார்ட்போன் இருந்தால், பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தால் பயன் இல்லை, நீங்களும் கூட உட்கார வேண்டும்.

எதுவும் இல்லையா? விதைப் பாக்கெட் உறை, காலண்டர் படம், மசாலா டப்பா அட்டை ஆகியவற்றை வெட்டி ஒரு பழைய நோட்டில் ஒட்டுங்கள். காய்கறிப் புத்தகம் ரெடி.

நம் கூட்டமைப்புக்கு ஒரு யோசனை. சுழல்நிதி மாதிரி 'சுழல் புத்தகம்' நடத்தலாம். ஒரு குழு ஐந்து புத்தகம் வாங்கட்டும். மாதம் ஒரு முறை அடுத்த குழுவுக்கு மாற்றிக்கொள்ளட்டும். பத்துக் குழு சேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 புத்தகம். கடன் லெட்ஜரில் எழுதுவது போல யார் எடுத்தார், எப்போது தந்தார் என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். வட்டி கிடையாது. கிழிந்தால் அபராதமும் வேண்டாம். அபராதம் போட்டால் புத்தகம் மறுபடியும் பரணுக்குப் போய்விடும்!

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இதைப் பேச்சுப் பொருளாக வையுங்கள். உங்கள் ஆயா சொன்ன கதை ஒன்றை எல்லோருக்கும் சொல்லுங்கள். அதில் எந்த இடத்தை உங்கள் பிள்ளைக்காக மாற்றுவீர்கள் என்றும் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறோம்.

கடைசியாக ஒன்று. போன வாரம் அந்த உறுப்பினர் வீட்டு வழியாகப் போனோம். திண்ணையில் அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இருந்தார். பையன் அந்த நாலு பக்கப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டு, "படிம்மா" என்றான். அவர் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, முதல் பக்கத்தைத் திருப்பினார்.